மோப்ப அந்து

சோதனை நாளில் பவளம் சமையலறை டப்பாக்களைத் திறந்து வைப்பாள். விதை வாரியத்தின் ஆள் வந்து மோப்ப அந்துகளைப் பறக்கவிடுவார். அவை எதிலும் உட்காராமல் பெட்டிக்குத் திரும்பிவிட்டால், அவரும் கிளம்பிவிடுவார்.

அன்று அவர் வரும் முன்பே ஜன்னலில் ஓர் அந்து உட்கார்ந்திருந்தது. பவளம் ஈரத்துணியால் அதை அடித்துவிட்டு ஓரகத்தியைப் பார்த்தாள்.

"இதை யார் உள்ளே விட்டது, சுகந்தி?"

"எனக்கென்ன தெரியும்? பூச்சிதானேக்கா."

"வெளியில ஏது அந்து? முளைக்கிற விதையைத்தான் அதோட புழு தின்னும். அந்த விதையத்தான் நாட்டுலயே ஒழிச்சாச்சே. இப்ப அந்து வளர்க்கிறது வாரியம் மட்டும்தான். யாரோ வேவு பார்க்க விட்டிருக்காங்க."

"யாரோன்னா?"

"நேத்து வாரிய ஆபீஸ் வாசல்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னியாமே."

"அங்க ரேஷனுக்குப் போனா நாலு பேர்கிட்ட பேசத்தான் வேணும். உங்கள மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க எனக்கு வராது."

மிக்ஸிக்குப் பின்னால் தளர்ந்து கிடந்த துணி முடிச்சைப் பவளம் எடுத்தாள். ஒரு கைப்பிடி மொச்சை. பிளாஸ்டிக் செடிகளுக்கு நடுவே, பால்கனித் தொட்டியில் ஒளித்து விளைவித்தது. ஆடியில் மறுபடி விதைக்க இவ்வளவுதான் இருந்தது. பிடிபட்டால் வீட்டுக்குச் சீல் வைப்பார்கள்.

"குடுங்கக்கா, நான் இடுப்புல சொருகிக்கிட்டு மாடிக்குப் போயிடறேன்."

"குடுத்தா நேரா அவன்கிட்ட நீட்டுவே."

பவளம் வாணலியைச் சூடாக்கி மொச்சையைக் கொட்டினாள். தோல் வெடிக்கும்வரை கிளறினாள். வறுத்தது இனி முளைக்காது.

சோதனைக்காரர் வந்தார். அந்துகள் வாணலியைச் சுற்றிவிட்டுப் பெட்டிக்குத் திரும்பின.

"வாசனை தூக்குதே அம்மா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு மொச்சையைத் தட்டில் கொட்டியபோதுதான் பார்த்தாள். ஒரு மொச்சையில் ஊசியால் குடைந்தாற்போல் வட்டத் துளை. உள்ளே வெறும் கூடு. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, அந்தாகி, அந்தத் துளை வழியாக வெளியேறியிருந்தது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. வாரியத்துக்கே தெரியாமல் பிழைத்திருந்த ஏதோ ஓர் அந்து, அவள் வீட்டுத் தொட்டியைத் தேடி வந்து முட்டையிட்டிருக்கிறது.

"சுகந்தி..."

சுகந்தி தட்டைப் பார்த்தாள். துளையில்லாத மொச்சை ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"நல்லா வறுபட்டிருக்குக்கா. இனிமே யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஒளிக்கத்தான் ஒண்ணுமில்லையே."