லாரிக்குப் போட்ட நட்சத்திரம்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து மூக்கு. அதற்கப்புறம் யாரும் அவள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். ஆள் சிறியவள், காரம் பெரியது. அதனால்தான் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர்.

அந்தச் சனிக்கிழமை காலையில் காது, மூக்கு இரண்டும் ஒன்றாகச் சிவந்துவிட்டன.

"ஒரே ஒரு நட்சத்திரமா!" என்று கத்தினாள்.

வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அம்மா ஏப்ரன் தைக்கிறாள். சமையல்காரருக்கு ஒரு மாதிரி, தோட்டக்காரருக்கு ஒரு மாதிரி, முடி வெட்டுபவருக்கு ஒரு மாதிரி. துணி வெட்டுவதிலிருந்து பொத்தான் வைப்பது வரை எல்லாம் அவள் கைவேலைதான். தைத்ததை இணையத்தில் ஒரு பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்கிறாள். வாங்கியவர்கள் அங்கே நட்சத்திரம் போடுவார்கள். ஐந்து போட்டால் அருமை. ஒன்று போட்டால் மோசம்.

ஒன்று போட்டவர் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'ஏப்ரன் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சே போச்சு.'

"நல்லா இருக்குன்னு அவங்களே சொல்றாங்களேம்மா. அப்புறம் எதுக்கு ஒண்ணு?"

"லேட்டாப் போச்சாம்."

"ஆர்டர் வந்த அன்னிக்கே நீ தைச்சு முடிச்சியே! நான்தானே டேப் ஒட்டினேன்!"

"அது அவங்களுக்கு எப்படிடி தெரியும்?"

அந்த மாதத்தில் இது முதல் ஒற்றை நட்சத்திரம் இல்லை. தளத்திலிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது. நட்சத்திரம் இன்னும் குறைந்தால் அம்மாவின் ஏப்ரன்களைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்களாம். கடைசிப் பக்கம் வரை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? விற்காவிட்டால் அம்மா பழையபடி தையல் ஆலைக்கே போக வேண்டும். ஆலையில் வேலை முடிந்து அவள் வீடு திரும்புவதற்குள் கடுகு பாதித் தூக்கத்தில் இருப்பாள்.

அம்மா ஊசியில் நூல் கோத்தாள். நூல் விலகிப் போனது. மறுபடி கோத்தாள். மறுபடியும் விலகியது. கண்ணை மூடிக்கொண்டே நூல் கோக்கிற அம்மா!

கடுகு போனை எடுத்து மளமளவென்று பதில் அடித்தாள். 'நரைச்சா சாயம் பூசிக்கோங்க!'

"அழி அத," என்றாள் அம்மா.

"முடியாது."

"அழிடி!"

அழித்தாள். அந்த இடத்தில் அம்மா வேறு பதில் எழுதினாள்: 'தாமதத்துக்கு வருந்துகிறோம். மன்னிக்கவும்.'

"நாம ஏம்மா மன்னிப்புக் கேக்கணும்? தப்பு நம்ம மேல இல்லையே!"

"விடுடி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்."

விடுவதா? பொட்டலம் எடுக்க கூரியர் அண்ணன் வந்தபோது கடுகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"அண்ணா, வழியில எங்கயாவது படுத்துத் தூங்குறீங்களா?"

"தூங்க விட்டாத்தானே!" அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. "நான் இதக் கொண்டுபோய் நம்ம ஊர் குடோன்ல போடுவேன். அங்கேர்ந்து லாரியில அடுத்த ஊர் பெரிய குடோனுக்குப் போகும். அங்க பிரிச்சு, வேற லாரியில ஏத்துவாங்க. பக்கத்துத் தெருவுக்குப் போற பொட்டலமா இருந்தாலும் ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் வரும்."

"பக்கத்துத் தெருவுக்குக்கூடவா?"

"ஆமா. போன வாரம் பேய் மழை பெஞ்சுதே, பாலத்துக்கு அந்தப் பக்கமே லாரி நின்னுடுச்சு."

"அப்போ அந்த நட்சத்திரத்த மழைக்குத்தானே போடணும்? எங்கம்மாவுக்கு ஏன் போடுறாங்க?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நல்ல கேள்விதான். யாரப் போய்க் கேக்கறது?"

பொட்டலத்தின் மேல் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. ஸ்கேன் செய்கிற கறுப்புக் கோடுகள்தான் இருந்தன. யாருக்குப் போகிறது என்று அண்ணனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

சாயங்காலம் அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருந்த பார்லருக்கு அம்மா அவளை முடி வெட்ட அனுப்பினாள். அங்கே ஓர் அத்தை தலை முழுக்கச் சாயம் பூசி, பிளாஸ்டிக் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். பார்லர் அக்கா கடுகின் கழுத்தைச் சுற்றிப் பெரிய துணியைக் கட்டினாள். பிறகு தன் ஏப்ரன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

கண்ணாடியில் அந்தப் பையைப் பார்த்த கடுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாய்வான பை. அடியில் வலை. வலையைச் சுற்றி நீல நூல். கறுப்பு நூல் தீர்ந்துபோய், அன்றைக்கு அம்மா நீல நூலைப் போட்டுத் தைத்தாளே, அதே ஏப்ரன்!

"அக்கா, இது எங்க வாங்கினீங்க?"

"ஆன்லைன்ல. இந்த வலையப் பாரேன். பைக்குள்ள முடி விழுந்தாலும் தங்காது, கீழ கொட்டிடும். யாரோ மூளைக்காரங்க யோசிச்சுத் தைச்சிருக்காங்க."

கடுகுக்குப் பெருமையில் கன்னம் உப்பியது. 'எங்கம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் அக்கா. "வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சே போச்சு!"

வாய் அப்படியே மூடிக்கொண்டது. காது சிவந்தது. இவர்தானா அவர்! ஆனால் சிவந்த காதுக்குப் பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருந்தது. அந்த நேரத்தில் சண்டை போடுவது புத்திசாலித்தனம் இல்லை. இடது பக்கம் வெட்டி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இடது பக்கம் முடிந்தது. கரண்ட்டும் போனது.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. அக்கா ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது.

"என் தலைய எப்ப கழுவுறது?" அத்தை எழுந்து நின்றாள். "சாயம் காயுது! அரிக்குது! என்ன கடை நடத்துறீங்க நீங்க? இருங்க, இப்பவே ஒத்த நட்சத்திரம் போட்டு விடுறேன்!" என்று போனை எடுத்தாள்.

'நல்லா வேணும்!' கடுகின் மனசு ஒரு குதி குதித்தது. 'இப்பப் புரியும் பாரு!'

அக்கா அலமாரியில் துண்டைத் தேடினாள். துண்டு கண்ணெதிரிலேயே இருந்தது. அவள் கை இங்கும் அங்கும் போனதே தவிர, துண்டை எடுக்கவில்லை. சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது.

கடுகால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"அத்தை, நிறுத்துங்க! கரண்ட்ட அக்காவா புடுங்கி ஒளிச்சு வச்சாங்க? வெளிய பாருங்க, தெரு முழுக்க இருட்டு. நட்சத்திரம் போடணும்னா கரண்ட் ஆபீஸுக்குப் போய்ப் போடுங்க!"

அத்தை திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள நான் தண்ணி கொண்டு வரேன்!"

வாளியைத் தூக்கிக்கொண்டு கடுகு தெருவில் ஓடினாள். இடது பக்கம் குட்டை முடி, வலது பக்கம் நீள முடி. கழுத்துத் துணி பின்னால் பறந்தது. "ஐயோ, இது என்ன கோலம்!" என்று எதிர்வீட்டுப் பாட்டி சிரித்துச் சிரித்தே அண்டாத் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார்.

தலையைக் கழுவியதும் அத்தையின் சூடு இறங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து முடியைத் துவட்டிக்கொண்டாள்.

"எனக்காக இந்தக் கத்து கத்தினியே, கண்ணு," என்று அக்கா கடுகின் தோளைத் தொட்டாள்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல!" கடுகு வெடித்தாள். "உங்க மேல எனக்குக் கொலைக் கோபம்! இந்த ஏப்ரன் எங்கம்மா தைச்சது. ஆர்டர் வந்த அன்னிக்கே அனுப்பிட்டாங்க. மழையில லாரி நின்னா எங்கம்மா என்ன பண்ணுவாங்க? நீங்க ஏன் ஒத்த நட்சத்திரம் போட்டீங்க?"

அக்காவின் வாய் பிளந்தது. "உங்கம்மாவா! நான் அத லாரிக்குன்னு நெனச்சுல்ல போட்டேன்? போன்ல 'எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டுச்சு, எரிச்சல்ல அழுத்திட்டேன்."

"லாரிக்குப் போகலக்கா. எங்கம்மாவுக்குத்தான் போச்சு. அவங்க மன்னிப்பு வேற கேட்டாங்க."

"அதப் படிச்சுட்டுத்தானே, தப்பு அவங்க மேலதான்னு நெனச்சேன்!" அக்கா தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

உடனே போனை எடுத்தாள். ஒன்றை ஐந்தாக மாற்றினாள். 'அன்றைக்கே தைத்து அனுப்பியிருக்கிறார்கள். சுணங்கியது வழியில். தெரியாமல் இவர்கள் மேல் பழி போட்டுவிட்டேன்' என்று எழுதினாள்.

"லாரிக்குத் தனியா நட்சத்திரம் போட இடம் இருக்கா பாருங்கக்கா."

இருவரும் மேலும் கீழும் தேடினார்கள். இல்லவே இல்லை.

"அநியாயம்!" என்றாள் கடுகு.

"அக்கிரமம்!" என்றாள் அக்கா.

அத்தை சத்தமில்லாமல் தன் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில் அம்மா வாசலில் வந்து நின்றாள். கரண்ட் இல்லாமல் தையல் மெஷின் நின்றுவிட்டது. போன மகளையும் காணோம். தேடிக்கொண்டு வந்தவள் மகளின் தலையைப் பார்த்து, "அடிப்பாவி, பாதியிலயே சண்டை போட்டியா?" என்றாள்.

"போட்டா. ஆனா நியாயமான சண்டை," என்று அக்கா போனை நீட்டினாள்.

அம்மா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா," என்று ஜன்னல் பக்கமிருந்து அத்தை கூப்பிட்டாள். "வெளியூர்ல என் பொண்ணும் இதே தொழில்தான் பண்றா. அவளுக்கு இது மாதிரி ஒண்ணு வேணும். எப்பப் போய்ச் சேரும்?"

கடுகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து நின்றாள்.

"கரண்ட் வந்ததும் தைச்சு, நாளைக்கே அனுப்பிடுவேன். எப்பப் போய்ச் சேரும்னு லாரியத்தான் கேக்கணும்!"