இருபத்திரண்டு கல்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பது.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை முடித்து பஸ்ஸில் வந்து இறங்கிய அனுசியா, வீட்டுக்குப் போகவில்லை. சிலமலை ஊருக்கு வெளியே மலையைப் பார்த்துக் கிடக்கும் புறம்போக்குக்கு நேரே நடந்தாள். தன் கல்லை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் அவளுக்கு. முந்தின நாள்தான் நட்டிருந்தார்கள். வீடில்லாத இருபத்திரண்டு குடும்பத்துக்கு இருபத்திரண்டு மனை, மனைக்கு ஒரு கல். வெள்ளையடித்து, சிவப்பில் எண் எழுதிய கல். அவளுடையது பதினேழு.

காலை ஏழரைக்கு பஸ்ஸுக்குப் போகும்போதுகூட அது இருந்தது. இப்போது இல்லை. பதினேழு மட்டுமல்ல, ஒரு கல்லும் இல்லை.

புதன்கிழமை காலை ஏழு பதினைந்து.

சப் இன்ஸ்பெக்டர் பாண்டீஸ்வரி வந்தபோது ஊரே அங்கே நின்றது. அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. சர்வேயர் செழியன் வேர்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மணிக்கு அதிகாரி வர்றாரு மேடம். கல்லு இருந்தாத்தான் கையெழுத்து. இல்லைன்னா ஃபைல் வேற தாலுகாவுக்குப் போயிரும்."

ஏழைக்கு வீடு கட்ட அரசாங்கம் பதினோரு வருஷம் யோசிக்கும். மூன்று மணி என்று சொல்லிவிட்டால் மட்டும் மூன்று மணிதான்.

"யார் மேல சந்தேகம்?"

"ஆனையா இருக்கும் மேடம். தேவாரம் பக்கம் இறங்குதுல்ல."

பாண்டீஸ்வரி குனிந்து ஒரு குழியைப் பார்த்தாள். "ஆனை கல்லைப் புடுங்கும். குழியை மூடிட்டுப் போகுமா?"

செழியன் அப்போதுதான் பார்த்தான். இருபத்திரண்டு குழியும் மூடியிருந்தது. மண்ணைக் கொஞ்சம் மேடாகக் குவித்து, அதன்மேல் புங்கஞ்சருகு பரப்பியிருந்தது. புங்கமரம் நூறடி தள்ளி நின்றது.

அவள் சருகை விலக்கினாள். மேல் சருகில் மழைத்துளித் தடம், அடியில் மண் காய்ந்திருந்தது.

"நேத்து தூறல் எப்ப?"

"பன்னண்டு மணிக்கு. சும்மா பேருக்கு விழுந்துச்சு."

ஆக, ஏழரைக்குப் பிறகு, பன்னிரண்டுக்கு முன்னால். பட்டப்பகலில் நடந்திருக்கிறது. முந்தின நாள் சர்வே ஆட்கள் நின்ற இடத்தில் மறுநாள் ஒருவன் கடப்பாரையோடு நின்றால், அரசாங்க வேலை என்று நினைத்துக்கொண்டு அவனவன் தன் சோலியைப் பார்த்திருப்பான்.

"இந்த வீடு வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

"யார் சொல்லுவா மேடம்? ஒரே ஒரு பெருசு, இது ஓடைன்னு மூணு மனு குடுத்துச்சு. மேப்புல ஓடை இல்ல. தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"பேரு?"

"ஞாபகமில்ல. ஆபீஸ்ல கேக்கணும்."

அனுசியா முன்னால் வந்தாள். இருபத்திரண்டு வயசு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகள். "யார் செஞ்சாலும் அவுக கை வெளங்காமப் போகணும் மேடம். வாடகை ரூம்ல நாலு பேரு ஒழுகுற எடத்துல பாத்திரத்தை வச்சுக்கிட்டுத் தூங்குறோம். எங்கம்மா பேரைத்தான் வீட்டுக்கு எழுதலாம்னு இருந்தேன். சோலையம்மாள் இல்லம்னு."

"அம்மா இல்லையா?"

"எனக்கு ஒரு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. அப்பாதான் வளத்தாரு, மேல எஸ்டேட் லயத்து வீட்டுல வச்சு."

அப்பா வீரணன் பின்னால் நின்றார். ஐம்பத்தெட்டு வயசிலும் மூட்டை தூக்கும் தோள். மகள் சாபம் விட்டபோது தரையைப் பார்த்தார்.

எட்டு மணி.

மேட்டு நிலத்தில் வீட்டுமனை போட்டு விற்கிற சுருளிவேலிடம் பாண்டீஸ்வரி போனாள். ஊரில் பாதிப்பேர் அவன் பெயரைத்தான் சொன்னார்கள்.

"நேத்து காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். மறைக்க என்ன இருக்கு?" அவன் சிரித்தான். "நான் புடுங்கணும்னா ஜேசிபி விட்டுருவேன் மேடம். பத்து நிமிசச் சோலி. குழியை மூடி அலங்காரமா பண்ணிக்கிட்டு இருப்பேனா? அதுவும் போக, காலனி வந்தாத்தான் கவர்மெண்டு ரோடு வரும். ரோடு வந்தாத்தான் என் மனை விக்கும்."

"உங்க மேட்டுல அவங்களுக்குக் குடுத்திருக்கலாமே?"

"மேட்டுல வெலை இருக்கு மேடம். பள்ளத்துல புறம்போக்கு இருக்கு."

அவன் அயோக்கியன்தான். ஆனால் சொன்னது நிஜம்.

பத்து இருபது.

பாண்டீஸ்வரி திரும்பவும் குழிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். மண் மேடு, மேலே சருகு. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தது மட்டுமல்ல, தானே செய்த மாதிரி இருந்தது. பத்தாம் வகுப்பு லீவில் அம்மாவோடு இரண்டு மாதம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள் அவள். ஏலச்செடி நட்டால் குழியை மேடாக மூடவேண்டும், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மேலே சருகு பரப்பவேண்டும். அதற்கு மூடாக்கு என்று பெயர். மறந்தால் கங்காணி திட்டுவார்.

மலையில் வேலை செய்கிற கை இது. இந்த ஊரில் மலைவேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வீடு கிடைக்கப்போகிற குடும்பத்து ஆட்கள். அவர்களில் ஒருவர். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் நேற்று மலையில் அல்லவா இருந்தார்கள்?

அவர்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் காசிமாயனைக் கூப்பிட்டாள்.

"நேத்து காலையில எத்தனை பேரு ஏறுனாங்க?"

"பதினாலு."

"சாயங்காலம் இங்க இறங்குனது?"

"பதினாலுதான் மேடம். ஆள் குறையல."

"சாயங்காலம் பதினாலு பேரும் தோட்டத்துலதான் ஏறுனாங்களா?"

காசிமாயன் வண்டிச் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"ஒருத்தரு மட்டும் அடிவாரத்துல, முந்தல்ல ஏறுனாரு. காலையில வயித்தைக் கலக்குதுன்னு அங்கனயே இறங்கிட்டாரு. சாயங்காலம் திரும்பி வர்றப்ப அதே எடத்துல நின்னாரு. மகளுக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இழுப்பா, சொல்லாதன்னாரு."

மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிக்கு பஸ் உண்டு. போடியிலிருந்து சிலமலைக்கும் உண்டு. செழியன் ஆபீசுக்குப் போன் போட்டு மனுவில் இருந்த பெயரைக் கேட்டான். காசிமாயன் சொன்ன பெயரும் அதுவும் ஒன்றுதான்.

பதினொன்றரை.

வீரணன் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே குந்தினாள்.

"குழியை ஏன் மூடுனீங்க அப்பு?"

அவர் மறுக்கவில்லை. "தெறந்து போட்டுட்டுப் போகக் கை வரல ஆத்தா. முப்பது வருசப் பழக்கம்."

"மூடாம விட்டிருந்தா நான் சுருளிவேலைத்தான் பிடிச்சிருப்பேன்."

"தெரியாமப் போச்சு."

"கல்லு எங்க?"

உன்னிப்புதர் பக்கம் கை காட்டினார். பிறகு கேட்காமலே சொன்னார்.

"என் ஒத்தக் குடிசை அங்கதான் இருந்துச்சு, அந்தப் பதினேழாம் நம்பர்ல. இருபத்தோரு வருசமாச்சு. மேல மழை, இங்க ஒரு சொட்டு இல்ல. தண்ணி இப்படித்தான் வந்துச்சு. ஒரு கையில புள்ள, ஒரு கையில அவ. ரெண்டையும் பிடிக்க முடியல." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "காய்ச்சல்னு சொல்லித்தான் வளத்தேன். இல்லைன்னா, உன்னப் பிடிக்கத்தான் உங்கம்மாவ விட்டேன்னு சொல்லணும்ல."

 பக்கத்தில் நிழல் விழுந்ததைப் பார்த்துப் பாண்டீஸ்வரி திரும்பினாள். அனுசியா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. விளங்காமல் போகட்டும் என்று காலையில் தான் சபித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இங்க வேணாம்னு சொல்லிருவோமா?" என்றாள் கடைசியில். "வேற எங்க குடுப்பாங்க மேடம்?"

 சுற்றி நின்ற இருபத்தோரு குடும்பமும் கல் கிடைத்த சந்தோஷத்தில் புதரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணி ஐந்து நிமிஷம்.

கற்கள் நின்றன. பதினேழாம் கல்லை அனுசியாவே நட்டாள், குழந்தையை இறக்கிவைத்துவிட்டு. நடும்போது விலக்கிய சருகு கல்லடிகளில் அப்படியே கிடந்தது.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமல் எண்ணினார். பாண்டீஸ்வரி ஜன்னலருகே போனாள்.

"சார், இது தண்ணி வர்ற வழி. பார்த்த ஆள் இருக்காரு."

"மேப்புல இருக்கா?"

"இல்ல சார்."

"ரிப்போர்ட்டுல எழுதுங்க." அவர் கையெழுத்துப் போட்டார். "கல்லு வந்துருச்சு, கேஸ் எதுக்கு? பெரியவர்கிட்ட எழுதி வாங்கிட்டு விட்ருங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, நான் கெளம்புறேன்."

குற்றவாளியைப் பிடித்தால் அவளுக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும். அன்றைக்கு வரவில்லை. தான் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இருபத்திரண்டு குடும்பம் வாடகை ரூமில் ஒழுகலோடு உயிரோடிருந்திருக்கும் என்று நினைத்தாள். அதையும் ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

போலீஸ் ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து அவளே எழுதினாள். 'இந்தத் திட்டத்துக்கு எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இனிமேல் மனு கொடுக்கமாட்டேன்.' வீரணன் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வலது கையால் பெயரை எழுதினார்.

நாலு மணிக்கு மலை கறுத்தது. முந்தின நாள் தூறல் போல இல்லை, கனத்துப் பெய்தது. எல்லோரும் புங்கமரத்துக்கு ஓடினார்கள். கால் மணி நேரத்தில் தரையில் விரல் ஆழம் தண்ணீர் நின்றது, பிறகு நகர்ந்தது. இருபத்திரண்டு கல்லடியிலிருந்தும் சருகு மிதந்து கிளம்பி, வரிசையாக, ஒரே வழியில், பதினேழாம் கல்லைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

 அதைப் பார்க்கவேண்டிய அதிகாரி அதற்குள் போடியைத் தாண்டியிருந்தார்.