கொஞ்சம் இடம் பாத்துக்கோ

நகர நடுவிலிருந்த கேசினோவின் வாகன நிறுத்தத்தில் ஏர்லீன் காரை விட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நான்கு மணிக்கு டயாலிசிஸ் முடிந்து வில்லிஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பான். ஊசி குத்திய கையோடு டெட்ராய்ட் பனியில் புருஷனை நிற்கவைக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய வாரத்தின் ஒரே சட்டம். இடையில் இங்கே வந்தது வெர்னா கூப்பிட்டதால்.

வெர்னாவும் அவளும் கார் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கை உறை தைத்தவர்கள். ஏர்லீனின் குழந்தை இறந்தபோது சின்னப் பெட்டிக்குள் விரிக்க வெள்ளைத் துணி தைத்துக் கொடுத்தவள் வெர்னா. அப்படிப்பட்டவள் சில மாதங்களாகத் தேவாலயத்துக்குக்கூட வராமல் ஸ்லாட் மெஷினே கதியென்று கிடந்தாள். சூதுப் பித்து என்றார்கள். ஏர்லீனும் அப்படித்தான் நினைத்தாள்.

உள்ளே ஜன்னல் இல்லை. கடிகாரம் இல்லை. கம்பளத்தில் ஊறிய சிகரெட் நாற்றம். கடைசி வரிசையின் மூலையில் வெர்னா இருந்தாள், பாதி ஆளாக.

"வாடி மகாராணி. புருஷனைத் துவைக்கப் போட்டுட்டு வந்தியா?"

"அலசிப் பிழிய இன்னும் நேரமிருக்கு. நீ ஏன்டி இப்படி வத்திப் போயிட்டே?"

வெர்னா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்ரூம் போயிட்டு வரேன். என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கிறியா?"

அங்கே அது வழக்கம். எழுந்து போகிறவர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவார்.

"பாத்துக்கிறேன், போ."

"நல்லா சொல்லு. சரியா?"

"சரிங்கிறேன்ல. போடி, நனைச்சுக்காதே."

வெர்னா சிரிக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். பாத்ரூமுக்கு எதற்குக் கோட்டு என்று யோசித்தபடியே ஏர்லீன் உட்கார்ந்தாள்.

இருக்கை சில்லென்றிருந்தது. இப்போதுதான் ஒருத்தி எழுந்து போன இருக்கை.

எங்கிருந்தோ ஈரக் கம்பளியின் வாடை. அதற்கடியில் மலிவான முகப்பவுடர்.

பக்கத்து இருக்கையில் யாருமில்லை. ஆனால் அதன் மெத்தை மெல்ல அமுங்கியது. ஓரத் தையல் விரிந்தது. ஆயுள் முழுக்க இருக்கை தைத்தவளுக்குத் தெரியும். ஆள் உட்கார்ந்தால்தான் தையல் அப்படி விரியும்.

கைபேசி அடித்தது. வெர்னா. பின்னால் காற்றின் இரைச்சல்.

"மன்னிச்சுடுடி."

"எங்கே இருக்கே?"

"எனக்குப் பக்கத்துல இருந்தவ பாத்ரூம்லயே செத்துப் போயிட்டா, ஏர்லீன். யாருன்னே எனக்குத் தெரியாது. போகும்போது இடத்தைப் பாத்துக்கச் சொன்னா, சரின்னுட்டேன். நீ வீட்டுக்குப் போகலாம். கூடவே வருவா. பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பா. விடிஞ்சா நீ இங்கதான் வந்து நிப்பே. இன்னொருத்தர் சரின்னு சொல்ற வரைக்கும்."

"இத்தனை பேர் இருக்காங்களே. ஏன் என்னை?"

"என் மூஞ்சியைப் பாத்தாலே எல்லாரும் விலகிப் போறாங்க. நீ ஒருத்திதான் கேள்வி கேக்காம சரின்னு சொல்லுவே."

வெர்னா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பாரம் இறக்கியவளின் மூச்சு. பிறகு லைன் செத்தது.

வெள்ளைத் துணி தைத்த அதே கை.

ஏர்லீன் எழுந்தாள். யாரிடமும் கேட்கப் போவதில்லை. செத்தாலும் இன்னொரு வெர்னாவாக ஆகப் போவதில்லை.

காரைக் கிளப்பியதும் சீட் பெல்ட் எச்சரிக்கை மணி அடித்தது. அவள் பெல்ட் போட்டிருந்தாள். அடித்தது பக்கத்து சீட்டுக்காக. அது காலியாக இருந்தது. அமுங்கியிருந்தது.

"இடத்தை விட்டுட்டு வந்துட்டியா?"

மெதுவான, மரியாதையான குரல். காதுக்கு மிக அருகில்.

டயாலிசிஸ் வாசல் வரை மணி நிற்கவில்லை. குரலும் நிற்கவில்லை.

வில்லிஸ் முன்கதவைத் திறந்தான். நின்றான். தொப்பியைக் கழற்றினான். குனிந்து ஏதோ சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தி, பின்னால் ஏறிக்கொண்டான்.

"முன்னாடி ஆள் இருக்குன்னு சொல்லக்கூடாதா? மடியில உட்கார இருந்தேன்."

"வில்லிஸ், பேசாதே. அவ என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே."

"ஏன் பதறுறே? பாவம், மரியாதையாத்தானே கேட்டாங்க. இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கிறியான்னு."

"நீ என்ன சொன்னே?"

"வேற என்ன சொல்லுவாங்க? சரின்னேன்."

மணி நின்றது.

ஏர்லீனுக்கு முதலில் வந்தது பயமில்லை. நீளமாக ஒரு மூச்சு வந்தது. அது வெளியே போன பிறகுதான், அதே மூச்சை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்பது உறைத்தது.

முன்சீட் மெல்ல உப்பி எழுந்தது. பின்னாலிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது.

"ஏர்லீன்," என்றான் வில்லிஸ். "வண்டியைத் திருப்பு. அங்க அவங்க இடம் காலியாக் கிடக்கு."