இம்பாலாவின் நான்கு டயர்கள்

"மன்னிப்புக் கேட்டுவிடு, காரியம் முடிந்துவிடும்" என்று அந்த ஒரு வாரத்தில் இசக்கிசெல்வியிடம் ஒன்பது பேர் சொல்லியிருந்தார்கள். பத்தாவது ஆளும் அதையே சொன்னால் பேசாமல் எழுந்து வந்துவிடுவது என்ற முடிவோடுதான் திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடிப்படியில் அவள் ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, குங்குமச் சிவப்பில் ஒரு கார்.

மாடியில் சுசீலாபாயின் அலுவலகம். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதையும் நசுங்கிய தகரமும் ஒத்துப்போகின்றனவா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். முப்பது வருடத்தில் பொய் சொன்ன மனிதர்களை எண்ணி மாளாது, பொய் சொன்ன தகரத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பார். அதைக் கேள்விப்பட்டுத்தான் இசக்கிசெல்வி தேடி வந்திருந்தாள். அவருக்குத் துணை ரெஜி. நாற்பது வயது, முன்னாள் ஒர்க்‌ஷாப் பெயின்டர். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிற அவசரக்காரர்.

"நீங்களும் மன்னிப்புக் கேளுன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க மேடம். நான் பஸ்ஸுக்குப் போயிருதேன்" என்றாள் இசக்கிசெல்வி.

"உக்காரு பிள்ளே. என்ன செஞ்சேன்னு தெரியாம என்னத்துக்கு மன்னிப்பு?" என்றார் சுசீலாபாய்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதையைச் சொன்னாள்.

அவளுக்குச் சொந்த ஊர் களக்காடு. பதினோரு வருடமாகத் திருவனந்தபுரத்தில் ஒரு பல் லேபில் பல் செட் செய்கிறாள். வேலை முடிந்தால் அவளுடைய உலகம் வேறு. அறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கார்களின் மாடல் கிட்டுகள். ஒரு அட்டைப்பெட்டியில் பாடி, பானெட், பம்பர், சீட் எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். உடன் நான்கு ரப்பர் டயர், இரண்டு இரும்பு அச்சு, எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் தாள். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் கார். ஊரில் இதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. அதில் பாதிப்பேர் கார் கட்டுகிறவர்கள். மீதிப்பேர் பெட்டியைப் பிரிக்காமலே சேர்த்து வைக்கிறவர்கள்.

இரண்டாவது வகையினரின் தலைவர் சிவதாணு. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீவராகத்தில் வீடு. அவரிடம் இருந்த 1962 இம்பாலா கிட், ஒரு துண்டுகூடப் பிரித்து எடுக்கப்படாதது. ஆயுதபூஜை அன்று சங்கத்தாரைக் கூப்பிட்டு, பெட்டிமேல் சந்தனம் வைத்து, ஒரே ஒரு தடவை திறந்து காட்டுவார். பழைய கிட்டுகளை எப்படிப் பாதுகாப்பது என்று மாதம் ஒரு வகுப்பும் எடுப்பார்.

ஜூன் மாதம் அந்தப் பெட்டியின் மூலை பிய்ந்துபோய், அவர் இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு ஒட்டச் சொன்னார். அவர் பாங்குக்குப் போயிருந்த இரண்டு மணி நேரம் அவள் அந்த அறையில் தனியாக இருந்தாள். ஓணம் கண்காட்சியில் அவள் ஒரு சிவப்பு இம்பாலாவை வைத்தாள். அதே 1962. ஆயுதபூஜை அன்று சிவதாணு பெட்டியைத் திறந்தபோது உள்ளே நான்கு டயர், இரண்டு அச்சு, ஒரு தாள். பிளாஸ்டிக் துண்டு ஒன்றுகூட இல்லை.

"செக்ரட்டரி விஜய்குமார் அன்னைக்கே குரூப்புல போட்டுட்டாரு, யாரோட இம்பாலா எங்கேருந்து வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும்னு. வர்ற ஞாயித்துக்கிழமை வருஷக் கண்காட்சி. மன்னிப்பு எழுதிக் குடுத்தா கேஸ் இல்லையாம். இல்லேன்னா என் பேரை அடிச்சிருவாங்களாம்."

"உனக்கு இந்த வண்டி எங்கேருந்து கிடைச்சது?"

"சாலைக் கடைத்தெருவுல ஆக்கர் கடை, பழைய சாமான் வாங்கி விக்கிற இடம். பழைய பொம்மைச் சாக்குல கெடந்தது. யாரோ எந்தக் காலத்துலயோ கன்னாபின்னான்னு ஒட்டி, பச்சை பெயின்ட் அடிச்ச பாடி. சக்கரம் கிடையாது. பெயின்டை ஊறவெச்சு உரிச்சு, பிரிச்சு, மூணு மாசம் வேலை பாத்தேன். பில்லு கெடையாது மேடம். ஆக்கர் கடையில யாரு பில்லு குடுப்பா?"

சுசீலாபாய் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டயர் மட்டும் ஒரு மாதிரியா இருக்கே?"

இசக்கிசெல்வியின் முகம் சிவந்தது. "என்னோட ஹவாய் செருப்பு. கறுப்பு அடி. குழாயால அமுக்கி வட்டமா வெட்டி, பல் தேய்க்கிற மோட்டார்ல வெச்சு அரைச்சேன். ஓணத்துக்கு எல்லாரும் அதைப் பாத்துதான் சிரிச்சாங்க. கார் முன்னால வைக்கிற அட்டையில டயர்னு ஒரு வரி உண்டு. நான் அதை நிரப்பாம விட்டுட்டேன்."

"சேச்சி, அடியில லேசா சுரண்டிக் காட்டினா போதுமே?" என்று ரெஜி குறுக்கே வந்தார். "உள்ளே பழைய பச்சை கொஞ்சம் தெரிஞ்சாலும் மதியல்லோ, அதுவே போதும்."

"பச்சையெல்லாம் பொட்டுகூட இல்லாம எடுத்தாச்சு. உள்ளே வெறும் வெள்ளை. அவரோடதும் வெள்ளைதான். சுரண்டினா எனக்குத்தான் வினை. அது தெரியும். வெள்ளையா இல்லாம இருந்தாலும் சுரண்ட மாட்டேன். நான் கள்ளி இல்லேன்னு காட்ட என் வண்டிய நான் ஏன் உரிக்கணும்?"

சுசீலாபாய் முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் மூவரும் ஸ்ரீவராகத்துக்குப் போனார்கள். இசக்கிசெல்வியைப் பார்த்ததும் சிவதாணு வாசலிலேயே தடுமாறினார். ஆனால் உள்ளே வராதே என்று சொல்லவில்லை. இவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த விஜய்குமார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறையின் மூன்று சுவர்களிலும் திறந்த அலமாரிகள், அவற்றில் பெட்டிகள். நான்காவது சுவரில் கதவு போட்ட ஒரு சின்ன அலமாரி. இம்பாலாவுக்கு மட்டும் அந்தத் தனி மரியாதை.

"இதுக்குச் சாவி யாருட்ட இருக்கு?" என்று சுசீலாபாய் கேட்டார்.

"என்ட்ட ஒண்ணு. விஜய்குமார்ட்ட ஒண்ணு" என்றார் சிவதாணு.

ரெஜியின் கண்கள் பளபளத்தன. விஜய்குமார் இந்தக் கிட்டை விலைக்குக் கேட்டு மூன்று தடவை மூக்குடைபட்டவர் என்பது சங்கத்துக்கே தெரியும்.

சுசீலாபாய் அலமாரியைத் திறந்தார். சுவர் ஈரம் ஏறாதிருக்கத் தட்டில் வெள்ளைத் தெர்மோகோல் விரித்திருந்தது. பெட்டியை எடுத்ததும், அது இருந்த இடத்தைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு சின்னக் குழிகள் தெரிந்தன. நெல்லிக்காயை வைத்து அமுக்கியதுபோல வட்டமாக, வழுவழுப்பாக இருந்தன. பக்கத்தில் ஒரு மெல்லிய துணிப் பொட்டலம். அதில் வேப்பிலை, இன்னும் பச்சை மாறாமல்.

"இது என்ன குழி, சார்?"

"எறும்பு அரிச்சிருக்கும்மா. மழைக்காலம்லா."

"பூச்சிக்கு என்ன வைப்பீங்க?"

"வேப்பிலை. வேற ஒண்ணும் கிடையாது. என் வகுப்புலயும் அதுதான் சொல்லுவேன்."

சுசீலாபாய் பெட்டியைத் திறந்து பார்த்தார். டயர்கள் புதிது மாதிரி இருந்தன. பெட்டியை முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். "நல்ல மணம். என் கல்யாணப் பட்டு ஞாபகம் வருது" என்று சொல்லிப் பத்திரமாக மூடி வைத்தார்.

ஆட்டோவில் ஏறியதும் ரெஜி பொறுக்கவில்லை. "மேடம், அந்த செக்ரட்டரி தன்னே. சாவி உண்டு, ஆசை உண்டு. சம்சயமே வேண்டா."

"பிறகு டயரை என்னத்துக்கு விட்டுட்டுப் போனான்?"

"அவசரத்துல மறந்திருக்கும்."

சுசீலாபாய் இசக்கிசெல்வியிடம் திரும்பினார். "பிள்ளே, உன் வண்டியில மிச்சமான பழைய பிளாஸ்டிக் துண்டு ஏதாவது உண்டா? எனக்கு ஒண்ணு வேணும்."

அவள் பர்ஸிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்கிற மனுஷி இல்லை என்பது அதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க சங்கத்து குரூப்பில் அவளைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. சனிக்கிழமை விஜய்குமார் கூப்பிட்டு, கடைசி வாய்ப்பு, இரண்டு வரி எழுதினால் போதும் என்றார். "இரண்டு வரி என்ன, இரண்டு எழுத்துகூடக் கிடையாது" என்று அவள் வைத்துவிட்டாள். இந்த ஊரில் பல் செட்டுக்குப் பின்னால் இசக்கிசெல்வி என்ற பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் எழுதி நின்ற ஒரே இடம் இந்தக் கார்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்காட்சி மண்டபத்தின் கதவு திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. மேஜைகளில் கார்கள் அணிவகுத்திருந்தன. சங்கத்தார் முப்பது பேர் நின்றார்கள். இசக்கிசெல்வி தன் கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்து, யார் முகத்தையும் தவிர்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவங்க பேரு லிஸ்ட்ல இல்ல" என்றார் விஜய்குமார். "வேணும்னா எல்லாருக்கும் முன்னால அடியில சுரண்டிக் காட்டட்டும்."

"சுரண்ட மாட்டேன்" என்றாள் இசக்கிசெல்வி.

"சுரண்டவே வேண்டாம்" என்றபடி சுசீலாபாய் முன்னால் வந்தார். "சிவதாணு சாரோட பெட்டியும் இங்கே இருக்கு. நான் பத்து நிமிஷம் பேசுறேன். பிறகு நீங்க லிஸ்ட்டைப் பாக்கலாம்."

அவர் நான்கு டயர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் இசக்கிசெல்வியின் காரை வைக்கச் சொன்னார்.

"நீங்க எல்லாரும் கார் கட்டுறவங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அறுபது வருஷத்துக் கிட்டுல கிடைக்கவே கிடைக்காத சாமான் எது?"

"டயர்" என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஆமா. இந்தப் பிள்ளை அந்தப் பெட்டியிலருந்து திருடியிருந்தா, அசல் டயர் நாலையும் பெட்டியிலேயே விட்டுட்டு, வீட்டுக்குப் போய்ச் சொந்தச் செருப்பை வெட்டியிருக்கணும். நீங்க ஓணத்துக்குச் சிரிச்சது இந்தச் செருப்பைப் பாத்துத்தான். சிரிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, ஏன்னு யோசிக்கத் தெரியல்ல."

ரெஜி விஜய்குமாரைக் குறிவைத்துப் பார்த்தார்.

"விஜய்குமார் சாரும் இல்ல, ரெஜி" என்றார் சுசீலாபாய். "அவருக்கு டயரோட மதிப்பு இன்னும் நல்லாத் தெரியும். எந்தத் திருடனும் டயரை விடமாட்டான். அதனால, எடுத்தது யாருங்கிற கேள்வியை விட்டுட்டு, விட்டுப்போனது என்னன்னு பாத்தேன். ரப்பர், இரும்பு, காகிதம். போனது முழுக்கப் பிளாஸ்டிக். இது திருடனோட கணக்கு இல்ல. ஒரு பொருள் பிளாஸ்டிக்கை மட்டும் தின்னு, மத்ததை விட்டிருக்கு."

அவர் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். "இதுல இந்தப் பிள்ளை தந்த பிளாஸ்டிக் துண்டு இருக்கு. திங்கக்கிழமை போட்டு மூடினேன். கூட ஒரு பழைய ரப்பர் துண்டு, ஒரு காகிதம். பிறகு ரெண்டு பாச்சை உருண்டை."

மூடியைத் திறந்தார். பட்டுச்சேலைப் பெட்டியின் வாசனை மேஜையைச் சுற்றிப் பரவியது. ரப்பர் துண்டு அப்படியே இருந்தது. காகிதம் அப்படியே இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் இளகிக் குழைந்து உருண்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுசீலாபாய் விரலால் தொட்டதும் பிசின் மாதிரி இழுத்தது.

"ஆறு நாள்ல இது. பெட்டிக்குள்ள மாசக்கணக்கா இருந்தா என்ன ஆகும்? தெர்மோகோலும் இந்தப் பிளாஸ்டிக்கோட ஜாதிதான். அலமாரியில நாலு வட்டக் குழி. எறும்பு அரிச்சா பொடி இருக்கும், சொரசொரப்பா இருக்கும். அது வழுவழுன்னு இளகியிருந்தது. பெட்டியில இதே மணம். எப்பவும் வேப்பிலைதான்னு சொன்ன சார்ட்ட, அலமாரியில இருந்த இலை ரெண்டு நாளைக்கு முன்னால பறிச்ச பச்சை. அதுக்கு முன்னால அங்கே வேற எதுவோ இருந்திருக்கு." அவர் சிவதாணுவின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "லைப்ரரியில முப்பது வருஷம் புத்தகத்துக்கு எதை வெச்சீங்க, சார்?"

சிவதாணு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பாச்சை உருண்டை" என்றார். "மத்த பெட்டிக்கெல்லாம் வேப்பிலை. இதுக்குத்தான், இது ஒண்ணுக்குத்தான், நல்லா இருக்கட்டும்னு பெட்டிக்குள்ளயும் சுத்தியும் அதை வெச்சேன். அவ மூலை ஒட்டிக் குடுத்ததுக்குப் பிறகு. ஆவணியில திறந்து பாத்தா பாடியும் பானெட்டும் ஒண்ணா உருகிக் கெடக்கு. மாசாமாசம் வகுப்பெடுக்கிறவன், என்னன்னு சொல்லுவேன்? குப்பையில போட்டேன். பூஜை அன்னைக்குக் காணல்லன்னு மட்டும்தான் சொன்னேன். பேரு நான் சொல்லல்ல."

"அவங்க சொன்னப்ப இல்லைன்னும் நீங்க சொல்லல்ல" என்றாள் இசக்கிசெல்வி.

விஜய்குமார் தொண்டையைக் கனைத்து, நடந்தது நடந்துபோச்சு, வெளியே ஆட்கள் வந்துவிட்டார்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார்.

"பிறகு இல்ல சார், இப்பவே. என்னைக் கள்ளின்னு போட்ட அதே குரூப்புல போடுங்க. ரெண்டு வரி போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

விஜய்குமார் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்துத் தட்டினார். முப்பது பைகளிலும் சட்டைகளிலும் போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன.

சிவதாணு எழுந்து வந்தார். நான்கு டயர்களையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "அம்மா, மன்னிச்சிரு. இதையாவது வாங்கிக்கோ. உன் வண்டிக்கு அசல் டயர். இனி என்ட்ட இதுக்கு வேலையில்ல."

மண்டபத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கையில் இருந்தது. ரெஜி மெல்ல முணுமுணுத்தார், "வாங்கிக்கோ சேச்சி."

மூன்று மாதம் இதே டயருக்காக எத்தனை ஊர் ஆக்கர் கடைகளில் விசாரித்திருக்கிறாள் என்பது இசக்கிசெல்விக்கு மட்டும்தான் தெரியும். அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு தன் காரைப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். ஊரே தள்ளிவிடப் பாத்தப்போ என் வண்டி இந்தச் செருப்புலதான் நின்னுது. இனியும் அதுலயே நிக்கட்டும்."

காரை எடுத்துப்போய் நடு மேஜையில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். ரெஜி ஓடிப்போய் ஒரு அட்டையும் பேனாவும் கொண்டுவந்தார். அவள் முதல் வரியில் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். அடுத்து வண்டியின் பெயர், வருடம், நிறம். கடைசியில் டயர் என்ற வரிக்கு வந்தாள். ஓணத்துக்கு வெறுமையாக விட்ட அந்த இடத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில், ஹவாய் செருப்பு, ஆறாம் நம்பர், வலது கால் என்று எழுதி அட்டையைக் காருக்கு முன்னால் நிறுத்தினாள்.