குழாய்க்காரனும் காதுக்கல்லும்

படகுத்துறையைக் கழுவுகிறேன் பேர்வழி என்று அவன் குழாயைத் திருப்பிய திருப்பில், வரிசையாக வைத்திருந்த சூரைமீன் தலைகள் அத்தனையும் பொத் பொத்தென்று கடலுக்கே திரும்பிப் போயின. பக்கத்தில் குனிந்திருந்த பெண்ணும் தொப்பலாக நனைந்தாள்.

"ஐயோ... குப்பைன்னு நினைச்சேங்க!"

"என்னையா?"

நிமிர்ந்தாள். இமையோரம் நீர்த்துளிகள்... உள்ளே இரண்டு கண்கள்... அடடா, மழை கழுவிவிட்டுப் போன வானம் மாதிரி! கழுவியது மழையல்ல, தான்தான் என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவள் மீன்வள ஆய்வாளர். அளவுப் பலகையும் கையுமாகவே திரிவதால் துறையில் 'அளவுக்காரி'. அன்றிலிருந்து அவன் 'குழாய்'.

"தலைக்குள்ள காதுக்கல் இருக்குங்க. மரத்துல மாதிரி அதுல வளையம் இருக்கும். எண்ணினா மீனோட வயசு தெரியும். வயசு தெரிஞ்சாதான் சூரை பெருகுதா, அழியுதான்னு சொல்லலாம்."

"பெருகுதா, அழியுதா?"

"எப்படிச் சொல்றது? சாம்பிள் பத்தாது. இருந்ததையும் ஒரு மகராசன் தள்ளிட்டாரு!"

தள்ளியவன்தானே ஈடு செய்ய வேண்டும்? ஆனால் படகு அப்பாவுடையது. "அந்தப் பொண்ணு தலையை அறுத்துப் பாத்துட்டு, கடலை மூடுங்கன்னு எழுதிக் குடுக்கும். நம்ம பொழப்புல மண்ணு! ஒரு தலை போகக் கூடாது," என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆகவே, தன் பங்குக்கு வந்த மீன்களின் தலைகளை மட்டும் வாளியில் போட்டுக்கொண்டு அவள் ஆய்வறைக்கு நடந்தான் குழாய். காதலிக்குப் பூ கொண்டு போகிற ஜாதகம் எல்லோருக்கும் அமைகிறதா என்ன?

"ஏன்டா, நீ கொண்டுவர்ற மீனுக்கெல்லாம் தலையே முளைக்கலையா?" என்றாள் அம்மா.

ஆய்வறையில் அவள் நுண்ணோக்கியைக் காட்டுவாள். வளையங்களை எண்ணத் தொடங்குவான்... அவள் கூந்தல் தோளை உரசும்... எண்ணிக்கை தப்பும். மறுபடி முதலிலிருந்து. அதில் அவனுக்கு வருத்தமே இல்லை.

"என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"சாம்பிள் பத்தாது."

எப்போது கேட்டாலும் இதே பதில்!

படகுக்காரர்கள் கூட்டத்தில் அவள் பேச எழுந்தபோது, முதல் வரிசையில் அப்பா விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சூரை அழியலை. ஆனா பெரிய மீனு குறையுது. முட்டையிடற மாசத்துல மட்டும் தூண்டில் போடாதீங்க, குஞ்சு மாட்டினா உயிரோட விட்டுடுங்க. கடலை மூட வேண்டாம். உங்க பேரப்பிள்ளைங்களும் சூரை பிடிப்பாங்க." சற்று நிறுத்தினாள். "மத்த துறையிலேருந்தெல்லாம் தலை வந்துச்சு. இங்கேருந்து குடுத்தது ஒருத்தர்தான். அவருக்கு நன்றி."

அப்பா மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் இடமிருக்கிறதா என்று மகன் பார்த்தான்.

"அதான் வீட்ல ஒரு தலையையும் காணோமா!" என்றவர், எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "பொழப்பைக் கெடுக்க வந்தவள்னு நினைச்சேம்மா. காப்பாத்திக் குடுத்திருக்க. இனிமே என் படகுத் தலையெல்லாம் உனக்குத்தான்."

வெளியே தூறல்.

"சாம்பிள் பத்தாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க... என்னைப் பிடிச்சிருக்கா?"

முகத்தில் விழுந்த துளியைத் துடைத்தாள். "இந்தத் தண்ணியும் உங்க வேலைதானா?"

"சத்தியமா இல்லைங்க!"

சிரித்தாள். அளவுப் பலகையைக் கீழே வைத்தாள். அந்தக் கண்கள் முதன்முறையாக எதையும் அளக்காமல் அவனைப் பார்த்தன.

"பிடிச்சிருக்கு. முதல் வாளியோட வந்து நின்னீங்களே... அப்பவே."