தங்கம்மாளுக்கு விட்ட இடம்

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பாப்பாரப்பட்டியின் அறப்பணிச் செம்மல், கல்யாண மண்டப உரிமையாளர், மூன்று சங்கங்களின் நிரந்தரத் தலைவர் தமிழ்மணி அவர்கள், நூறாண்டுப் பழமையான ஒரு துரோகத்தை வரும் ஞாயிறு விழாவில் ரத்து செய்யத் திருவுளம் கொண்டார்.

துரோகம் செய்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா பச்சியப்பன். காட்டு வரியை எதிர்த்துக் கலகம் செய்த சென்றாயன் ஒளிந்திருந்த குகையை வெள்ளைக்காரனுக்குக் காட்டியவர். தூக்குக்கு முந்தின நாள் ஜெயில் கம்பிக்கிடையே கை நீட்டிச் சென்றாயன் தங்கம்மாளுக்குத் தாலி கட்டினான். அந்தத் தாலியை அறுக்க வந்தவர்களை அவள் அரிவாளோடு விரட்டினாள். விதவைக்குக் கும்மியில் இடமில்லை என்றது ஊர். அவள் விதவையே இல்லை என்று பெண்கள் வட்டத்தில் ஓர் ஆள் இடம் விட்டு அவள் கதையைப் பாடினார்கள். அவள் கிணற்றில் மூழ்கிச் செத்த பிறகும் இன்றுவரை அந்த இடத்தை விடுகிறார்கள்.

சாயங்காலம் மண்டபத்தில் கும்மி ஒத்திகை. பாட்டெடுத்துக் கொடுப்பவள் வெண்மதி. பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர். தமிழ்மணி சிபாரிசில் வந்த வேலை, அவர் நினைத்தால் போய்விடும்.

“இதென்ன நடுவுல, பல்லு வுழுந்த வாயாட்டம்? ட்ரோன்ல அசிங்கமா தெரியும், மூடுங்க” என்றார் அவர். “அப்பறம் பாட்டுல எங்க தாத்தா காட்டிக்குடுத்தார்னு வர்ற அடி வேணாம். வள்ளல்னு மாத்திப் பாடு.”

“அது தங்கம்மா எடங்க” என்றாள் இடைவெளிக்கு அந்தப் பக்கம் நின்ற ராமக்காள்.

“செத்தவளுக்கு பஸ்ஸு சீட்டாட்டம் துண்டு போட்டு வெச்சிருக்கீங்களா?”

வெண்மதி நகர்ந்து நின்றாள். அவள் தோளும் ராமக்காள் தோளும் உரசின. பாட்டு தொடங்கியது. எல்லாக் கைகளும் ஒன்றாய்த் தட்டிய பிறகு, சுவர்களில் மோதிய சத்தம் அடங்கும் நேரத்தில், ஈரக் கை தட்டுவது போல ஒரு தட்டு மட்டும் பின்தங்கி வந்தது.

எதிரொலி என்று வெண்மதி நினைத்துக்கொண்டாள். மண்டபத்தில் பெயிண்ட் வாடையும் பழைய சாம்பார் வாடையும் இருந்தன; அவற்றுக்கு அடியிலிருந்து, நனைந்த மஞ்சள் கயிற்றின் வாடை மெல்ல மெல்லக் கிளம்பி, யாரோ முகத்தருகே மூச்சு விடுவதுபோல் அவள் கன்னத்தில் சூடாகப் பட்டது. அடுத்த தட்டு. பின்னாலேயே இன்னொன்று. இப்போது நெருக்கமாக. தோளுக்கும் தோளுக்கும் நடுவில். எறும்புகூட நுழையாத இடத்தில்.

ராமக்காளைப் பார்த்தாள். ராமக்காளும் தோள்களுக்கு நடுவில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணுக்காலில் யாருடையதோ ஈரப் புடவை உரசியது.

பச்சியப்பன் அடி வந்தது. வெண்மதியின் பாட்டு நின்றது.

“ஏன் நிறுத்தற? வள்ளல்னு பாடு.”

“மாட்டங்க.”

“வேலை வேணுமா, வேணாமா?”

“வேணுங்க.” அவரை நிமிர்ந்து பார்த்தாள். “காட்டிக்குடுத்தது உங்க தாத்தாதாங்க. அப்படித்தான் பாடுவன்.”

ஓர் அடி விலகி நின்றாள். வட்டத்தில் இடம் மறுபடி திறந்தது. அங்கே தரை நனைந்திருந்தது.

“தங்கம்மாளாவது ஒண்ணாவது! நானே நிக்கறன். எம்மூஞ்சியப் பாத்து அந்தப் பேரச் சொல்லு, பாக்கலாம்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்மல் இடைவெளியில் வந்து நின்றார்.

வெண்மதி அவர் முகத்தைப் பார்த்தே பாடினாள். காட்டிக்கொடுத்தவன் பச்சியப்பன் என்று, தொண்டை கிழிய. ராமக்காளும் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லோரும்.

தமிழ்மணியின் கைகள் எழுந்தன. தட்டின. அவர் தன் கைகளையே பார்த்தார். மறுபடி தட்டின.

“வுடு” என்றார், யாரும் இல்லாத பக்கம் திரும்பி. “கைய வுடுடி.”

பாட்டு முடிந்தது. பெண்கள் நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. இரு மணிக்கட்டிலும் விரல் பதிந்த பள்ளங்கள். உள்ளங்கைத் தோல் பிய்ந்தது. தட்டு. அவர் வாய் திறந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல், நிதானமாக, அவர் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பாடியது.

வெண்மதியின் வேலை போகவில்லை. தமிழ்மணிக்கு இப்போது மகள்தான் சோறு ஊட்டுகிறாள்.