உம் கொட்டியவள்

பிள்ளை தூங்கிப் போன பிறகும் ‘உம்’ வந்தது.

நிரஞ்சனாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்வது அவள் பழக்கம். வெளியே எல்ஆர்டி ரயில் வளைவில் முனகிக்கொண்டு திரும்பியது. மூங்கில் கழியில் காயாமல் தொங்கிய பள்ளிச் சீருடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் அனுப்ரியாவின் தலையிலிருந்து தேங்காயெண்ணெயும் ஷாம்பூவும் கலந்த வாசம் வந்தது. கதையில் மின்மினி என்ற சிறுமி நாணல்களை விலக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தாள் என்று நிரஞ்சனா சொன்னாள். உம். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது என்றாள். உம். தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் மூச்சு எப்போதோ நீண்டு, லேசான குறட்டையாகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது. எச்சில் வழிந்து அவள் சட்டையை நனைத்திருந்தது.

உம் வந்தது பிள்ளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சுவரோரம்.

எழுந்து விளக்கைப் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வருடமாக வராமல் போக்குக் காட்டிய வாக்கியம். சொன்னாள்.

உம்.

நிரஞ்சனா பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாவல் எழுதுபவள். ஊர் ஊராகப் புழங்கும் பழங்கதைகளைப் பிரித்து, நூலெடுத்து, வேறு துணி நெய்வாள். முதல் நாவலைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் வரிசையில் காத்திருந்து படித்தார்கள். இரண்டாவது பாதியிலேயே படுத்துவிட்டது. அண்ணி இறந்து, அண்ணன் சரத் ஜூரோங் கப்பல் பட்டறையில் இரவு ஷிஃப்டுக்கு மாற வேண்டி வந்தபோது, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவா சூ காங்கில் அவனுடைய வீவக அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டாள். எழுதும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் தமிழில் அனுப்ரியாவுக்குச் சொல்லிப் பார்ப்பாள். உம் வராத கதை கிணற்றில் போட்ட கல். பிள்ளையின் உம் இழுத்தால் கதை இழுக்கிறது என்று அர்த்தம். மறுநாள் அந்த இடத்தை வெட்டிவிடுவாள்.

புது நாவலில் குளத்தடியில் நாணல்காரி என்று ஒருத்தி. பிள்ளையில்லாதவள். அவள் கண் வைத்த சிறுமி மின்மினி. மின்மினியைத் தேடி வரும் ஓர் அக்கா. லிஃப்டில் மூச்சை அடக்கிக்கொள்வது, கோபம் வந்தால் ஒற்றைக்காலில் நிற்பது, இட்லியை நடுவிலிருந்து தின்பது என மின்மினியிடம் இருந்ததெல்லாம் அனுப்ரியாவுடையது. கேட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள்.

பிள்ளையின் உம் நல்ல உம்தான். சுவரோரத்து உம் அப்படியல்ல. அதில் பசி இருந்தது. ஒரு சொல் பிசகினால் அது வராது. சரியான சொல் விழுந்ததும் தொண்டைக்குள்ளிருந்து ஈரமாக வரும். அந்த மாதம் முழுவதும் அவள் எழுதிக் குவித்தாள். பிள்ளை தூங்கட்டும் என்று காத்திருந்து சொல்ல ஆரம்பித்தாள். பகலில் விரிப்பை மாற்றும்போது சுவரோரம் சேற்று வாசனை அடித்தது. சோப்புத்தூளைக் கொஞ்சம் கூடப் போட்டுத் துவைத்தாள்.

வேலைக்குக் கிளம்பிய சரத் வாசலில் பூட்ஸ் கட்டிக்கொண்டே கேட்டான்.

“பாப்பா மெலிஞ்சிட்டாளா? டீச்சர் போன் பண்ணாங்க. கிளாஸ்ல வாயே திறக்கறதில்லயாம்.”

“வளர்ற வயசு, அண்ணா.”

“நீ கதை சொல்லிச் சொல்லி அவள ஊமையாக்கிட்ட.” சிரித்தான். “உம் கொட்டலன்னா பேய் வந்து உம் கொட்டும்னு அம்மா நம்மள மிரட்டுமே, ஞாபகம் இருக்கா?”

“போய்ட்டு வா. பஸ் போயிடும்.”

“நீ இருக்கியேன்னுதான் நிம்மதியா போறேன், நிரா.”

கம்பிக்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். லிஃப்ட் இறங்கும் சத்தம் அடங்கும் வரை நின்றாள்.

தேக்காவில் ஒரு பரோட்டாக் கடையில் மர்யம் காத்திருந்தாள். பதிப்பகத்தில் அவளுடைய எடிட்டர். அதற்கு முன்பே தோழி. பக்கத்துக் கடை மல்லிகை வாசனையும் மீன் சால்னா வாசனையும் மின்விசிறியில் சுற்றிச் சுற்றி வந்தன.

“போன வருஷம் நீ அனுப்பினத படிச்சிட்டு நான் குறட்டை விட்டேன். இத படிச்சிட்டு மூணு நாளா லைட்ட போட்டுக்கிட்டே தூங்குறேன். என் வீட்டுக்காரர் திட்றார் லா.”

“கரண்ட் பில்ல எனக்கு அனுப்பு.”

“முடிவுல சொதப்பிடாத. மின்மினி ஓடி வந்து அக்காவக் கட்டிப்பிடிச்சா புக்கு அங்கயே செத்துடும். அவ தண்ணிக்குள்ள போகணும்.”

“சின்னப் பிள்ள, மர்யம்.”

“பேப்பர்ல இருக்கிற பிள்ள. யாருக்கு வலிக்கப் போவுது? ஆமா, யாருக்குச் சொல்லிப் பாக்குற இதெல்லாம்?”

“அண்ணன் மகளுக்கு.”

“செமயா கேக்குறா போல. நன்றிப் பக்கத்துல அவ பேரப் போட்டுடு.”

நிரஞ்சனா தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

அன்று மழை பிடித்துக்கொண்டது. இரவுச் சாப்பாட்டில் அனுப்ரியா சோற்றைத் தொடவில்லை. படுக்கையறை வாசலில் வந்து நின்றவள் உள்ளே வரவில்லை.

“அத்தை, கதை வேணாம்.”

“கடைசி சாப்டர், கண்ணு.”

“நான் உம் சொல்றதுக்குள்ள அது சொல்லிடுது.”

நிரஞ்சனா தலையணையைத் தட்டிப் போட்டாள். “எது?”

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. “உங்களுக்குத் தெரியும்தானே.”

மழை ஜன்னலில் அறைந்தது.

“கிட்ட கிட்ட வருது, அத்தை. எனக்குப் படுக்க இடமே இல்ல. அப்பாகிட்ட சொல்லட்டா?”

“கனவா இருக்கும்டா. அப்பா பாவம், களைச்சுப் போய் வருவாங்க.” பொய் சொல்லும்போது தன் குரலில் எவ்வளவு அன்பு வழிகிறது என்பதை அவளே கேட்டாள். “இன்னைக்கு மட்டும். மின்மினி தப்பிச்சிடுவா. ப்ராமிஸ்.”

“நிஜமா தப்பிச்சிடுவாளா?”

“நிஜமா.”

பிள்ளை வந்து படுத்தது. அத்தையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. விளக்கை அணைத்தாள்.

மின்மினி கழுத்தளவு தண்ணீரில் நின்றாள் என்று ஆரம்பித்தாள். கரையில் அக்கா கூப்பிட்டாள். மின்மினி திரும்பினாள். அக்காவை நோக்கி ஓரடி வைத்தாள்.

“உம்,” என்றாள் அனுப்ரியா. ஆசையாக.

சுவரோரம் ஒன்றுமில்லை. மழைகூட ஓய்ந்திருந்தது.

இன்னும் ஓரடி வைத்தாள். கரை கிட்டே வந்தது.

“உம்.”

வாக்கியம் வாயிலேயே சப்பென்று ஆகிவிட்டது. உப்பில்லாத கஞ்சி. மர்யம் உதட்டைப் பிதுக்குவது தெரிந்தது. பாதியில் படுத்துப் போன பழைய நாவலும், விடியும்வரை வெள்ளையாகவே கிடந்த திரையும் தெரிந்தன. இதை இப்படியே முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடலாம். டிவியைப் போடலாம். அவ்வளவுதான். அவ்வளவு சுலபம்.

சுவரோரம் யாரோ காத்திருந்தார்கள்.

“ஆனா,” என்றாள் நிரஞ்சனா.

கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

“ஆனா மின்மினி நின்னுட்டா. பின்னால யாரோ அவ பேரச் சொன்னாங்க.”

உம்.

கிட்டத்தில். காதுக்குள்.

“அத்தை, ப்ராமிஸ் பண்ணீங்க.”

“கூப்பிட்ட குரல் அம்மா குரல் மாதிரி இருந்துச்சு.”

உம்.

“அத்தை.”

சொற்கள் வந்தன. நல்ல சொற்கள். ஒன்றையடுத்து ஒன்று, கோத்து வைத்ததுபோல். சேற்று வாசனை. மெத்தை ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. விரல்கள் நெரித்தன. நகம் பதிந்தது. அவள் நிறுத்தவில்லை. நாணல் விலகியது. உம். இடுப்பைப் பிடித்தன இரண்டு கைகள். உம். தண்ணீர் உதட்டைத் தொட்டது. உம். பக்கத்தில் ஏதோ திமிறியது. ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

“தண்ணி மூடிக்கிச்சு,” என்றாள்.

உம் வரவில்லை.

கைக்குள் கை இருந்தது. அசையாமல். நெரிக்காமல்.

“அனு?”

இன்னொரு கையால் சுவிட்சைத் தேடினாள். போட்டாள்.

அனுப்ரியா மல்லாந்து படுத்திருந்தாள். விரிப்பு காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. முகம் சரியாக இருந்தது. மூக்கு, நெற்றி, எல்லாமே சரியாக. நிரஞ்சனா எழுதிவைத்ததைப் போலவே. எங்கும் ஒரு பிசகு இல்லை.

“அப்புறம்?” என்றது.

அனுவின் குரல்தான். நிரஞ்சனா கையை விடுவிக்கப் பார்த்தாள். விடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கின் விளக்குகளைக் காணோம். ரயில் பாதையைக் காணோம். கண்ணாடி முழுக்கப் பச்சை கலந்த கறுப்பு, நிறைந்து, மெல்ல அசைந்தது. நீளமான இலைகள் அதில் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஒன்பதாவது மாடி.

அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு சிறிய கை வந்து கண்ணாடியில் பதிந்தது. பிறகு அனுவின் முகம். முடி மேலே மிதந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அத்தை என்று. சத்தம் வரவில்லை.

“சொல்லுங்க. அப்புறம்?”

நிரஞ்சனா கத்த வாயைத் திறந்தாள். அந்த முடி மிதப்பதை, அந்த வாய் குவிவதை எப்படிச் சொல்வது என்று அவள் மனம் அதற்குள் தேடத் தொடங்கியிருந்தது. கண்டுபிடித்தும் விட்டது.

கண்ணாடியில் அந்தக் கை விரல் விரலாக விட்டுக்கொண்டே கீழே வழுக்கிப் போயிற்று.